கை வைக்காத அக்கா

பிப்ரவரி 3

பச்சைச் சட்டை அணியின் தலைவிக்கு,

கண்ணு, சௌக்கியமா? நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தவள், பிழையிருந்தால் பொறுத்துக்கொள். உங்கள் அணியிலிருந்து இங்கே வருகிற அக்காவின் சட்டை முதுகில் இருந்த அணி எண்ணைச் சொல்லி, போட்டி அலுவலகத்தில் உன் விலாசம் வாங்கினேன்.

என் பேத்தியும் மூன்று தோழிகளும் முதல்முறையாகப் போட்டிக்கு ரோபோ செய்கிறார்கள். என் தையல் மேசைதான் பட்டறை. நூல் சுற்றும் பாபின் டப்பா நிறையத் திருகாணி. தினமும் ஐந்தரைக்கு உங்கள் அக்கா வந்து சொல்லிக்கொடுக்கிறாள். ஒன்றையும் தொடுவதில்லை. “நான் கை வெச்சா அது என் ரோபோ ஆயிடும், நீங்களே முடுக்குங்க” என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். வைத்த தேநீரும் ஆறிப்போகிறது. ஆனால் ரோபோ பந்தைத் தூக்கிவிட்டது! தூக்கும் கை முழுக்க என் பேத்தி முடுக்கியது, தெரிந்துகொள்.

உதவிய அணியின் தலைவி கையெழுத்திட்டால்தான் போட்டியில் சேர்ப்பார்களாம். இந்த உறையிலேயே படிவம் வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் தேதிக்குள் அனுப்பு.

ஆசிகளுடன்,
தையல்காரப் பாட்டி

பிப்ரவரி 5

அன்புள்ள பாட்டிக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள், கையெழுத்திட முடியாது. எங்களில் யாரும் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. தேர்வு இருப்பதால் புது அணிகளுக்கு உதவுவதையே இந்த வருஷம் விட்டுவிட்டோம். பச்சைச் சட்டை போடுவதை நிறுத்தியும் மூன்று வருஷம் ஆகிறது. வருகிறவர் யார்?

வணக்கத்துடன்,
அணித் தலைவி

பிப்ரவரி 7

கண்ணு,

தேர்வு என் பேத்திக்கும்தான் இருக்கிறது, சாக்குச் சொல்லாதே. வருகிறவள் உங்கள் ஆள்தான். அவள் சட்டையின் இடது கைத் தையல் பிரிந்து வெள்ளை நூலில் கோணல்மாணலாகத் தைத்திருக்கிறது. “கழட்டிக் குடும்மா, சரியாத் தெச்சுத் தரேன்” என்றேன். “வேணாம் பாட்டி, எங்க டீம்ல இருக்கற சின்னது ஒண்ணு தெச்சது” என்று சிரித்தாள்.

குழந்தைகள் பாவம். கையெழுத்துப் போடு.

பாட்டி

பிப்ரவரி 9

பாட்டி,

அந்தச் சின்னது நான்தான். எனக்கு அப்போது பதினொரு வயது.

அவள்தான் எங்கள் முதல் தலைவி. மூன்று வருஷம் முன்பு, ஒரு புது அணிக்குச் சொல்லிக்கொடுக்கப் போகும் வழியில் பேருந்து கவிழ்ந்து இறந்துபோனாள். அந்தச் சட்டையோடுதான் அவளை அனுப்பிவைத்தோம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உதவியது எங்கள் அணிதானே, பொய்யில்லை. ஆனால் இனிமேல் கதவைத் திறக்காதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

சின்னது

பிப்ரவரி 12

கண்ணு,

படிவத்தை ஏற்றுக்கொண்டார்கள். நீ நன்றாக இருப்பாய்.

உன் கடிதம் படித்ததிலிருந்து ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. இன்று ஐந்தரைக்குக் கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பினேன். மேசை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“இவங்க வேலை முடிஞ்சுது பாட்டி. அடுத்த புது டீம் எங்க இருக்கு?”

எனக்கு என்ன தெரியும்? வாய்தவறி, “உங்க ஆளுங்கதான் இந்த வருஷம் விட்டுட்டாங்களாமே” என்று உளறிவிட்டேன்.

முகம் சுண்டிப்போயிற்று. மேசையில் கிடந்த உன் கடித உறையில் உன் விலாசத்தைக் குனிந்து படித்தாள். “அட, வீடு மாறிட்டாளா!” என்றாள். அப்புறம் அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கோபமாகப் போகவில்லை கண்ணு, உன்னிடம் கேட்கத்தான் வருகிறாள். தாழ்ப்பாளை நம்பாதே. ஒரு புது அணியின் விலாசத்தைத் தயாராக எடுத்து வைத்துக்கொள்.

பாட்டி