உறை ஊற்றாத ஜாடி

மார்ச் 3, செவ்வாய்

கல்யாணமாகி ஐந்து மாதம். ஐம்பத்தொரு வயதில் புது மாப்பிள்ளை. முடிதான் போயிற்று, முறுக்குப் போகவில்லை. இருந்தும் இந்த வீட்டில் நான் விருந்தாளிதான். எந்த அலமாரியைத் தொட்டாலும், "இருங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று மனைவி ஓடிவருகிறாள். அவளுடைய முதல் கணவர் இறந்து பதினொரு வருடம். கூடத்துப் படத்தில் நல்ல மீசை. அதன்மேலும் எனக்குப் பொறாமை.

ஞாயிறன்று மைத்துனி வருகிறாள். சமைத்து அசத்துவதாக வாயை விட்டுவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அன்னாசியை வட்டம் வட்டமாக நறுக்கி, எண்ணெய் விடாமல் இரும்புக்கல்லில் சுட்டேன். ஓரம் கருகி, சாறு பாகாகி, மாடிப்படி வரை மணம். ஆறியதும் துண்டாக்கி, கடைந்த தயிரில் உப்பு, வறுத்த சீரகப்பொடியோடு கலந்தேன். பீங்கான் ஜாடித் தயிர் மொத்தமும் காலி. வழித்து, கழுவி, கவிழ்த்தும் வைத்தேன் — பொறுப்பான கணவன்!

மைத்துனி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். மனைவி கை கழுவப் போனதும் காதருகே வந்தாள்.

"அத்தான், உறைக்கு ஒரு ஸ்பூன் எடுத்து வெச்சீங்கல்ல? பெரிய அத்தான் கடைசியா ஊத்தின தயிர் அது. அதுலேர்ந்து எடுத்து எடுத்துத்தான் அக்கா இத்தனை வருஷமா ஊத்தறா."

பெரிய அத்தானை நான் மொத்தமாகப் பச்சடி போட்டிருந்தேன்.

ஜாடி வெறுமையாக இருந்தால் தெரிந்துவிடும் என்று வெதுவெதுப்பான பாலை ஊற்றி மூடினேன். தயிர் வாங்க ஓடினால் கடைக்காரர் கதவை இழுத்து மூடியிருந்தார். இவள் என்னை வீட்டைவிட்டு அனுப்பினால் போவதற்கு வேறு இடம்கூட இல்லையே.

மார்ச் 9

காலையில் ஜாடி நிறையத் தயிர். கத்தியால் வெட்டலாம். பார்த்துவிட்டு அவள்தான் உறை ஊற்றியிருக்கிறாள். மகராசி!

மார்ச் 11

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் இரண்டு பேருக்குக் கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிட்டேன். இருவருமே நன்றாகத் தெரிகிறது என்கிறார்கள். எனக்குத்தான் கவிழ்த்து வைத்த ஜாடியே கண்ணுக்குள் நிற்கிறது.

மார்ச் 12

சொல்லிவிட்டேன். "ஜாடிய நான்தான் வழிச்சுக் கழுவிட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

"தெரியும். கவுத்து வெச்சிருந்ததப் பார்த்தேன். அப்புறம் நீங்களே உறை ஊத்திட்டீங்களேன்னு விட்டுட்டேன்."

"நானா? நீ ஊத்தல?"

"இல்லீங்களே."

இருவரும் ஜாடியைப் பார்த்தோம்.

மார்ச் 13

நேற்று அவளே வெந்நீரில் ஜாடியைக் கழுவி, வெறும் பால் ஊற்றினாள். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் நான் பால் ஊற்றி, கடைத்தயிர் விட்டேன்.

காலையில் என் கிண்ணத்தில் பால் பாலாகவே இருந்தது. ஜாடியில் கட்டித் தயிர்.

அவள் பயப்படவில்லை. சிரித்தாள். எனக்கு அதுதான் பயம்.

மார்ச் 17

பாலைத் தவிர ஒன்றும் ஊற்றுவதில்லை. தினமும் உறைகிறது.

மார்ச் 22, ஞாயிறு

அந்தப் பச்சடியை அவளே கேட்டாள். முதல் முறையாகச் சமையலறையை என்னிடம் விட்டுவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். தனியாக நின்று அன்னாசி சுட்டேன். தனியாக என்றா எழுதினேன்?

கூடத்தில் மெல்லிய பேச்சு. இடையில் அவள் சிரிப்பு. வீட்டில் வேறு யாரும் இல்லை; அவள் தொலைபேசியும் என் பக்கத்தில்தான் இருந்தது.

"ஏங்க, பழம் இன்னும் கொஞ்சம் கருகட்டுமாம்."

யார் சொன்னது என்று கேட்கவில்லை. தீயைக் கூட்டினேன்.

"சரிண்ணே" என்றேன்.