பச்சைக் குறி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் கால் நன்றாகவே இருக்கிறது. அவள் எங்கும் விழவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மின்னஞ்சல் இருக்கும்போது எதற்குத் தபால், அதுவும் அலுவலக முகவரிக்கு என்று நினைப்பாய். மாப்பிள்ளை உன்னை வாசலில் இறக்கிவிடுவதோடு சரி, உள்ளே வருவதில்லை என்று முன்பு சொல்லியிருக்கிறாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

கல்யாணமாகிப் போகும் முன், மின்னஞ்சலைப் பூட்டித் திறக்க நம் இருவருக்கும் கணினியில் சாவிகள் உண்டாக்கினாய். நான் பூட்டி அனுப்புவதை உன் ரகசியச் சாவி மட்டுமே திறக்கும். நீ அதே சாவியால் கையொப்பமிட்டு அனுப்பினால், எழுதியது நீதான் என்று என் திரையில் பச்சைக் குறி விழும். இவ்வளவும் சொல்லிக்கொடுத்த நீதான் கையொப்பமிட மறப்பாய். ஐயோ மறந்துட்டேம்பா, இப்போ பாருங்க என்று அதே கடிதம் மறுபடி வரும். வாத்தியாரே பரீட்சையில் கோட்டைவிடுகிறார் என்று அம்மா சிரிப்பாள்.

சில மாதங்களாக நீ மறப்பதே இல்லை. நலமாக இருக்கிறேன், வேலை அதிகம், இப்போது வர வேண்டாம். ஒவ்வொன்றிலும் பச்சைக் குறி. வங்கியில் காலமெல்லாம் காசோலைக் கையெழுத்துகளை ஒப்பிட்டே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நான். நிஜக் கையெழுத்து ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது. அச்சு அசலாக ஒரே மாதிரி வந்தால்தான் தனியே எடுத்துவைப்போம். அம்மாவிடம் சொன்னேன். பொண்ணு பொறுப்பா இருந்தாக்கூட உங்களுக்குச் சந்தேகமா என்று என்னை வாரிவிட்டாள்.

அதனால் ஒரு பொய் எழுதிப் பார்த்தேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் விரிசல், மாப்பிள்ளையிடம் சொல்லாதே என்று எழுதி, பூட்டி அனுப்பினேன். கவலையாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது, பச்சைக் குறியோடு. மறுநாள் தொலைபேசியில் மாப்பிள்ளை, அத்தை கால் இப்போ எப்படி இருக்கு என்று விசாரித்தார். பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. அம்மா காலுக்கு என்ன என்று கேட்டாய். உடனே இணைப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அம்மா என்னைக் கேலி செய்வதில்லை.

சாவியை நீயாகக் கொடுத்தாயா, அவராக எடுத்துக்கொண்டாரா, தெரியாது. நான் நினைப்பது தப்பென்றால் அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தயங்கமாட்டேன். ஆனால் நீ எங்களுக்கு என்னென்ன எழுதினாய், அதில் எது எங்களிடம் வந்து சேரவில்லை என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது, கண்ணு.

சாவி வேறு கைக்குப் போனால் செல்லாததாக்க ஒரு ரத்துச் சான்றிதழை அச்சிட்டுத் தந்தாயே, அது பீரோவில் பத்திரமாக இருந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தலையும் வாலும் இல்லாத எழுத்துகள். அம்மா ஒவ்வொன்றாக வாசிக்க நான் கணினியில் தட்டி முடித்தேன். நடுவில் இரண்டு பேருக்கும் சண்டைகூட வந்தது. இனி ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான். அழுத்தினால் உன் பெயரில் வரும் பச்சைக் குறி அத்தோடு செத்தது. ஆனால் நமக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிடும். நீ அந்த வீட்டுக்குள் இருக்கும்வரை அழுத்தமாட்டேன். அதுவரை அவர் எழுதுவதற்கெல்லாம் ஒன்றும் தெரியாதவன்போல் பதில் போடுகிறேன். அம்மாவும் காலுக்குக் கட்டுப் போட்டிருப்பதாகவே பேசுவாள்.

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பெற்றுக்கொண்டதற்கு, எனக்குத் திரும்பி வரும் அட்டையில் கையெழுத்துக் கேட்பார்கள். பேனாவைப் பிடித்து நீயே போடு. உன் பெயரின் கடைசி எழுத்து எப்போதும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பள்ளிக்கூட நாளிலிருந்து அதற்காகத் திட்டியிருக்கிறேன். இந்த ஒரு தடவை அது நேராக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். அட்டை வந்ததும் நானும் அம்மாவும் கிளம்பிவிடுவோம். வீட்டுக்கு வரமாட்டோம், உன் அலுவலக வாசலில் நிற்போம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தாயே. கோணலாகவே போடு.

உன் அப்பா