வாழ்க்கை வலிக்கிறது என்றாள்

மார்ச் 3
என் மாடி அறையில் குடியிருக்கும் சொர்யானா பல்கேரிய மொழி வகுப்பில் சேரப் போகிறாளாம். உக்ரைனின் ஒடெசாவிலிருந்து பல்கேரியாவுக்கு, எங்கள் தர்னோவோவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "எதுக்கு வகுப்பு? உன் பேச்சும் என் பேச்சும் பாதிக்குப் பாதி ஒண்ணு. என்கூடப் பேசு, தானா வந்துடும்" என்றேன். விட்டுவிட்டாள். எனக்கும் வேலை முடிந்து வந்தால் பேச ஒரு ஆள் வேண்டுமே.

மார்ச் 9
ரொட்டிக் கடையில் "ஒரு புல்கா கொடுங்க" என்றிருக்கிறாள். அவள் ஊரில் அது பன். எங்களுக்கு மணப்பெண். "இருந்தா நானே கட்டிக்க மாட்டேனா?" என்றாராம் கடைக்காரர். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மார்ச் 14
மழை. சீக்கிரமே படுத்துவிட்டோம்.

மார்ச் 16
மாலையில் வந்தால், சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "நெவெனா அக்கா, ஷிவோத் வலிக்குது." எங்கள் மொழியில் ஷிவோத் என்றால் வாழ்க்கை. வாழ்க்கை வலிக்கிறது! புருஷன் போர்முனையில், இவள் இங்கே. வலிக்காமல் என்ன செய்யும்? கட்டிக்கொண்டேன். "எனக்கும்தான்டி வலிக்குது, இருபது வருஷமா" என்று ஒரு கிளாஸ் ராக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்து, என் விவாகரத்துக் கதையை முதலிலிருந்து சொன்னேன். நடுவில் "ரொம்ப வலிக்குது" என்றாள். "தெரியும் தங்கம்" என்றேன்.

மார்ச் 17
காலையில் அவள் இறங்கி வரவில்லை. மேலே போய்ப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டிச் சுருண்டு கிடந்தாள். இரண்டு கையும் வயிற்றில். வாயில் அதே சொல்.
அப்போதுதான் — ஐயோ. அவ பேச்சுல அது வயிறு! வாழ்க்கை இல்ல, வயிறு!
ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே அறுவை சிகிச்சை நடக்கிறது. நான் என்ன மனுஷி? வயித்து வலின்னு வந்தவளுக்குச் சாராயத்தை ஊத்திக் கொடுத்து, என் புலம்பலையும் கேக்க வச்சிருக்கேன். வகுப்புக்குப் போறேன்னவளை நிறுத்தினதும் நான்தானே? அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?

மார்ச் 18
பிழைத்துவிட்டாள். அப்பாடா. குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். "முந்தாநாளே ஏன் கூட்டிட்டு வரலை?" என்றார் டாக்டர்.
அவள் கண் திறந்ததும் ஒரே ஒரு சொல் சொல்லிக்கொடுத்தேன்: கோரெம். வயிறு. எங்கள் மொழியில் ஷிவோத் என்றால் என்ன என்பதையும் சொன்னேன். சிரிக்கப் போய்த் தையல் இழுத்துக் கத்தினாள். நான் அழுதேன்.

ஏப்ரல் 3
நானே கூட்டிப்போய் வகுப்பில் சேர்த்துவிட்டேன்.

ஜூன் 12
இன்று சொர்யானா என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். "என்ன பண்ணுது?" என்று அவர் கேட்டார். "ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.
"பொய் சொல்றாங்க டாக்டர். மேட்டுத் தெரு ஏறுறதுக்குள்ள மூணு இடத்துல நிக்கிறாங்க. கேட்டா வேடிக்கை பார்க்கிறேன்னு சொல்றாங்க." எல்லாம் பல்கேரிய மொழியில், ஒரு பிழை இல்லாமல்.
ரத்தக் கொதிப்புதானாம். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை போதும். எதை எப்போது சாப்பிட வேண்டும் என்பதை டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. அவளிடம்தான் சொன்னார்.