சுவரில் நீ போட்ட சிவப்புக் கோடு

அன்புள்ள மகனுக்கு அம்மாவின் ஆசிகள்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னதும் உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதனால் உள்ளதையே சொல்கிறேன். அப்பாவின் கைக்கட்டைப் பிரித்தாகிவிட்டது, விரல்களைக் கொஞ்சம் மடக்குகிறார். நீ நலமா என்று எந்த முகத்தோடு கேட்பேன்.

அலமாரி மாட்டத் துளை போட்டபோது சுவருக்குள் ஒயர் அறுந்து ஷாக் அடித்து அப்பா முக்காலியிலிருந்து விழுந்ததும், ஒயரிங்கை நீ ஏனோதானோ என்று செய்துவிட்டுப் போனதாக அவர் போனில் திட்டியதும் உனக்குத் தெரியும். சரிப்பா என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாய், பிறகு கூப்பிடவே இல்லை. தெரியாததைச் சொல்கிறேன். வேலைக்கு வெளியூர் கிளம்பும் முன் சுவிட்சிலிருந்து நேர் மேலே கூரை வரைக்கும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, "அலமாரி மாட்டுற வரைக்கும் அழிச்சிடாதீங்கம்மா, உள்ள ஒயர் போகுது" என்று படித்துப் படித்துச் சொன்னாய். உன் சித்தி வந்தவள், "என்னக்கா, சுவத்துல சின்னப் புள்ள கிறுக்கின மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் மீதிப் பெயிண்டை எடுத்துப் பூசிவிட்டேன். ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்று அப்பா கேட்டபோது பூசியதைச் சொல்ல வெட்கப்பட்டு, கோடு இருந்த இடமும் நினைவில்லாமல், விளக்குப் பக்கமாகச் சாய்வாகத்தான் போகும், இங்கே தாராளமாகப் போடுங்கள் என்று கை காட்டினேன். மெயினை அணைக்கச் சொல்லவும் தோன்றவில்லை. பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்திவிட்டு, "வேல செஞ்சவன் நூல் புடிச்ச மாதிரி செஞ்சிருக்கான்" என்றார். அப்பா அப்போது ஆஸ்பத்திரியில். அந்த வார்த்தையை நான் அவரிடம் சொல்லவில்லையப்பா. அவர் உன்னைப் போனில் திட்டும்போதும் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன்.

தொழிலைச் சொல்லித் திட்டினால் உனக்கு எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. இதை முடித்ததும் அவரிடம் சொல்லிவிடுவேன். வேளைக்குச் சாப்பிடு. அடுத்தவர் வீட்டில் துளை போடும்போது வீட்டுக்காரி பேச்சை நம்பாதே, மெயினை அணைத்துவிட்டே சுவரில் கை வை. உன் கை நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணா, அம்மா சொல்லச் சொல்ல அப்பா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படிக்குப் போனதும் வந்து, சிவப்புப் பென்சில் எங்கே என்று கேட்டார். உடனே உனக்குப் போன் செய்யப் போனவரை, கடிதம் போய்ச் சேரட்டும் என்று நான்தான் தடுத்தேன். அப்புறம் கூப்பிடுவார். எடு.