மாட்டிறைச்சி போடாத சட்டி

அக்கா,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நீங்கள் இருந்த காலத்தில் நான் அனுப்பிய செய்திகளுக்கே கடைசியில் பதில் வரவில்லை. பார்த்துவிட்டீர்கள் என்ற அடையாளம் மட்டும் வரும். இனி அதுவும் வராது என்று தெரிந்துகொண்டு, உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதுகிறேன். பயந்தவளுக்கு இதைவிட வசதியான கடிதம் இல்லை.

குசினியில் பன்னத் தண்டு, உங்கள் ஆட்கள் சமைக்கும் அந்தப் பெரணித் தண்டு, ஊறிக்கொண்டிருக்கிறது. காய்ந்து சுருண்டு கிடந்ததைக் கொரியக் கடையில் வாங்கி வந்து இன்று காலையே தண்ணீரில் போட்டேன். கிளறிய ஈர மண்ணின் மணம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. வோபர்னில் எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும்தானே, ஓரிடத்தில் மணம் எழுந்தால் எல்லா அறையிலும் மணக்கும். அம்மா மூடியைத் திறந்து பார்த்தார்.

"உதென்னடி, விளக்குமாத்தை வெட்டி ஊறப் போட்டிருக்கிறாய்?"

"நாளைக்கு அக்கான்ர திவசத்துக்கு, அம்மா."

"தூள் எவ்வளவு போடுறது?"

"தூள் போடக்கூடாதாம். உள்ளியும் கூடாதாம். செத்த ஆக்களுக்கு ஆகாதாம்."

"உறைப்பு இல்லாமல் உதை ஆர் வந்து தின்னுறது?" என்று கேட்டுவிட்டு, கேட்டது என்னவென்று விளங்கியதும் மூடியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போனார்.

நாளையோடு நீங்கள் போய் ஒரு வருடம். மாலையில் உங்கள் அப்பாவின் வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு வைத்து வணங்கப்போகிறவள் நான். எனக்கு அதற்கு உரிமை இருக்கிறதா என்பதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது.

முதல் நாள் நீங்கள் என் பெயரைக் கேட்கவில்லை. எந்த ஆண்டு பிறந்தாய் என்றுதான் கேட்டீர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். வார இறுதியில் வேலை கேட்டு, ஃபின்ச் வீதியில் இருந்த உங்கள் பெற்றோரின் கொரியச் சாப்பாட்டுக் கடைக்குள் வந்து நின்றேன். உள்ளே நுழைந்ததும் வயதா என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். "வயசு தெரியாமல் உன்னை எப்பிடிக் கூப்பிடுறது? ஆர் முதல் கரண்டியைத் தூக்குறது?" என்றீர்கள். என்னைவிட ஒரு வயது மூத்தவர் நீங்கள்.

"அப்ப நீ எனக்குத் தங்கச்சி. ஒன்னி எண்டு கூப்பிடு. உங்கட ஆக்கள் என்னெண்டு சொல்லுவினம்?"

"அக்கா."

"உது லேசா இருக்கு. உதையே சொல்லு."

நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆனால் நினைவில் உங்கள் பேச்சு எங்கள் வீட்டுத் தமிழில்தான் வருகிறது. எப்போது மாறியது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

கடைக்கு வருகிற வேறு ஊர்க்காரர்கள் தடுமாறுவதை நான் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். மேசையில் இருக்கும் மணியை அழுத்தினால்தான் ஆள் வரும் என்று தெரியாமல் ஒருவர் கைகட்டி இருபது நிமிடம் இருந்தார். ஒரு தம்பதி, சின்னத் தட்டுகளில் முதலில் வரும் கறிகளையே முழுச் சாப்பாடு என்று நினைத்துத் தின்று முடித்து, நன்றி சொல்லிவிட்டுக் கோட்டைப் போட்டார்கள். நீங்கள் வாசல்வரை ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அன்றுதான் ஒரு தாள் எழுதச் சொன்னீர்கள், ஒவ்வொரு மேசையிலும் வைக்க.

"நானோ? எனக்கு என்ன தெரியும்?"

"அதுக்காகத்தான் நீ. வந்த ஆளுக்கு எது தெரியாது எண்டு எங்களுக்குத் தெரியாது."

இரண்டு கிழமை எழுதினேன். சின்னத் தட்டுக் கறிகள் முடிந்தால் கேளுங்கள், திரும்பத் தருவோம். கத்தரிக்கோல் இறைச்சி வெட்டத்தான், பயப்பட வேண்டாம். சோற்றுக் கோப்பையைக் கையில் தூக்க வேண்டாம். மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகு நீங்கள் எடுங்கள். மூத்தவருக்கு ஊற்றும்போது இரண்டு கையாலும் ஊற்றுங்கள். இந்தக் கடைசி வரி என்னால் வந்தது. இடது கை படக்கூடாது என்று வளர்ந்தவள் நான். வலது கையால் மட்டும் தேநீர் வைத்து, ஒரு கொரியக் கிழவரிடம் ஏச்சு வாங்கியிருந்தேன். "அந்தாள் உனக்கு ஒரு கைதான் எண்டு நினைச்சுப் பாவப்பட்டிருக்கும்" என்று நாள் முழுக்கப் பகிடி பண்ணினீர்கள்.

சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தக்கூடாது, செத்தவர்களுக்கு வைக்கும் சோறுதான் அப்படியிருக்கும் என்றும் எழுதியிருந்தேன். அதை நீங்கள் வெட்டினீர்கள். "குத்தக்கூடாது எண்டு மட்டும் போடு. சாப்பிட வந்த சனத்துக்குச் செத்த வீட்டைச் சொல்லாதை." எங்கள் தாளில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

உங்கள் அம்மா என்னிடம் சுகமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார். எங்கள் வீடுகளிலும் அதுதான் கேள்வி என்பதால் எனக்கு விசித்திரமாகப்படவில்லை. நான் மாட்டிறைச்சி தொடமாட்டேன் என்று அறிந்த நாளிலிருந்து காளான் வைத்த கொழுக்கட்டைகளைப் பிரித்து ஒரு மூலையில் மூடி வைப்பார். பிறகு அவருடைய வயிற்றில் புற்றுநோய் வந்தது. ஊர் முழுக்கச் சாப்பாடு போட்டவரால் அரிசிக் கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் விழுங்க முடியவில்லை. நீங்கள் கோப்பையோடு அவர் முன்னால் இருப்பீர்கள். அவர் வாயை மூடிக்கொண்டு, உங்களைப் பார்த்து, சாப்பிட்டாயா என்பார்.

அவர் பெப்ரவரியில் இறந்தார். நான் வெளிக்கிடும்போது அம்மா வாசலில் நின்று சொல்லி அனுப்பினார். "செத்த வீட்டில பச்சைத் தண்ணியும் வாயில வைக்காதை. வரேக்க போட்டு வாறன் எண்டு சொல்லிப்போடாதை. நேர வந்து முழுகு, பிறகு மற்றதுகளைத் தொடு."

பியூனரல் ஹோமில் கீழ்த்தளத்து அறை. நீண்ட மேசைகள், அதிகம் ஆட்கள் இல்லை. உங்களுக்குக் கறுப்பு உடுப்பு, தலையில் சின்ன வெள்ளை நாடா. உங்கள் கண்கள் வீங்கி ஒடுங்கிப்போயிருந்தன. என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போய் உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் இருத்தினீர்கள். எல்லோர் முன்னாலும் சிவப்பு நிறச் சூப் ஆவி பறந்தது. நீங்களே உள்ளே போய் ஒரு கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தீர்கள்.

"சாப்பிடு."

"வேண்டாம், அக்கா."

"ரெண்டு கரண்டி."

"இல்லை, பரவாயில்லை."

"இது நீ சாப்பிடலாம்."

கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. விரல் நுனியால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். நீங்கள் அந்த விரலைப் பார்த்தீர்கள். யாரோ கூப்பிட, எழுந்து போனீர்கள். நீங்கள் திரும்புவதற்குள் நான் கோட்டை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல், பக்கத்துக் கதவால் வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கே போனாலும் எதையாவது பிழையாகச் செய்துவிடுவேனோ என்று நடுங்குகிறவள், இன்று ஒன்றையும் பிழைவிடவில்லை என்று நினைத்தேன். எங்களில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அந்த வீட்டுக்காரருக்கே அயலவர்தான் சமைத்துக் கொண்டுபோவார்கள். போனவர் வாய் நனைப்பதில்லை. வருகிறேன் என்று சொன்னால் இன்னொரு சாவைக் கூப்பிட்டதாகும், அதனால் சொல்லாமல் எழும்பிப் போவார்கள். நான் செய்தது அத்தனையும் மரியாதை, அக்கா. எனக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதை.

அடுத்த கிழமை நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் வேலை சொன்னீர்கள். துக்கம் என்று நினைத்தேன். பிறகு நான் பட்டம் முடித்து மார்க்கம் நகரத்தில் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். என் செய்திகள் உங்களிடம் வந்து சேர்ந்தன, நீங்கள் பார்த்தீர்கள், பதில் இல்லை. பேருந்து எடுத்தால் முக்கால் மணித்தியாலம். ஒரு நாள் வந்து, என்னில் என்ன கோபம் என்று கேட்டிருக்கலாம். கூச்சம் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அடுத்த ஜனவரியில், பனி கொட்டிய ஒரு பகலில், அஜக்ஸிலிருந்து 401 நெடுஞ்சாலையால் வரும்போது உங்கள் கார் சறுக்கிவிட்டது. எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிய வந்தது. ஆட்களைக் கூப்பிடவில்லை என்றார்கள். பெற்றவருக்கு முந்திப் பிள்ளை போனால் உங்களில் அப்படித்தானாம். கடையும் பூட்டிவிட்டது.

மூன்று கிழமைக்கு முன் இமோ தொலைபேசியில் அழைத்தார். கடையில் சமைத்தவர், தாயின் தங்கை முறை சொல்லி நாம் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"பிள்ளை, அவளுக்கு ஒரு வருசம் வருது. தகப்பன் தன்ர பிள்ளைக்குக் குனியக்கூடாது. இளைய ஆள்தான் சாப்பாடு வைச்சுக் கும்பிட வேணும். கூடப்பிறந்தது ஒண்டும் இல்லை. அவளை ஒன்னி எண்டு கூப்பிட்டது நீ ஒருத்திதான்."

"அக்காவுக்கு என்னில கோபம், இமோ."

"கோபம் இல்லாமல் என்ன செய்யும்?" என்றார். பிறகு அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. "தாய் செத்த அண்டைக்கு அவள் குசினிக்குள்ள வந்து நிண்டவள். தங்கச்சி மாடு தின்னமாட்டாள், அவளுக்கு இறைச்சி போடாமல் தனிச் சட்டி வை எண்டவள். நான் அந்த அந்தரத்துக்குள்ள காளானும் பன்னத் தண்டும் போட்டு உனக்கெண்டு காய்ச்சினனான். நீ அதை விரலால தள்ளினனி. ஒரு சொல்லும் சொல்லாமல் போனனி. எங்களில செத்த வீட்டுக்கு வாறது சாப்பிடத்தான். சாப்பிட்டுக்கொண்டு பக்கத்தில இருக்கத்தான். ஆக்கள் போன பிறகு அந்தச் சட்டியைத் தானே கழுவினவள், என்னைத் தொட விடேல்லை."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு மூட்டாததை, வாய் நனைக்காததை, சொல்லாமல் எழும்புவதை. இமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"உதை அவளுக்கு ஏன் சொல்லேல்லை?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எங்கட சாப்பாடு ஊர் உலகத்துக்கு விளங்கத் தாள் எழுதினனி. உங்கட ஆக்களைப் பற்றியும் ஒரு தாள் எழுதி அவளின்ர கையில குடுத்திருக்கலாம்" என்றார். பிறகு, "நாலு மணிக்கு வா. பன்னத் தண்டை முதல் நாளே ஊறப் போடு" என்று வைத்துவிட்டார்.

இரவில் விழிப்பு வந்தால் நான் நினைப்பது கோப்பையை அல்ல. அதற்குப் பிறகான பதினொரு மாதத்தை. அந்த மாதங்கள் முழுக்க, உங்கள் அம்மாவின் சாவை நான் அருவருத்தேன் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் நடமாடினீர்கள். காரில் ஏறிய அன்றும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அதை இனி யாராலும் மாற்ற முடியாது. அலுவலகத்தில் யாராவது தட்டை நீட்டினால் நான் இப்போது காரணம் சொல்லித்தான் மறுக்கிறேன். குரல் நடுங்கும், அப்படியே சொல்லி முடிப்பேன். பாதிப் பேருக்கு அது தேவையில்லாத கதை. காது கொடுக்காமல் தட்டை அடுத்தவரிடம் நீட்டிவிடுகிறார்கள். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வழக்கம் ஒன்றுதான்.

நாளைய ஒழுங்கை இமோ சொல்லித் தந்திருக்கிறார். சோறு, சூப், மீன், மூன்று நிற மரக்கறி, பழங்கள். நீங்கள் வருவதற்கு வாசல் கதவைத் திறந்து விடவேண்டும். நான் குனிந்து வணங்குவேன், உங்கள் அப்பா சுவரோடு நிற்பார். பிறகு நீங்கள் தனியே சாப்பிடுவதற்காக, ஒன்பது கரண்டி சோறு சாப்பிடும் நேரத்துக்கு, நாங்கள் எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்விடுவோம்.

உங்கள் அப்பா இதை நம்புகிறார். கதவுக்கு வெளியே நின்று அந்த ஒன்பது கரண்டியையும் மனத்துக்குள் எண்ணுவாராம், உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் எண்ணினாராம். அதனால்தான் கேட்கிறேன். எனக்காக இல்லையென்றாலும் அவருக்காக. நான் கோப்பையைத் தள்ளிய விதத்தை மன்னிக்க வேண்டாம், என்னோடு கதைக்கவும் வேண்டாம், நான் மாடி நடைபாதையின் கடைசிவரை போய் லிஃப்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். நான் வந்திருக்கிறேன் என்பதற்காக மட்டும், அக்கா, சாப்பிடாமல் திரும்பிப் போய்விடாதீர்கள்.