கீழ் வீட்டில் என்ன வறுத்தார்கள்

நவம்பர் 9, சனி

டாடியின் போனில் மறுபடியும் இடமில்லை. ரிட்டயர் ஆனதிலிருந்து எதைப் பார்த்தாலும் வீடியோ எடுக்கிறார். குக்கர் விசில், தெருவில் போகும் மாடு, சர்ச் பாட்டு ஒத்திகை, மம்மி நர்ஸ் டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவது. அழியுங்கள் என்றால் கோபம்.

ஆபீஸில் தூக்கிப் போட இருந்த பழைய கம்ப்யூட்டரை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இதை சர்வர் ஆக்கப் போகிறேன். டாடி சேர்த்து வைத்த டிவிடிக்கள், தமிழ்ப் படம், கன்னடப் படம், பாட்டு, எல்லாம் இதில் ஏறும். ரிமோட்டைத் தட்டினால் டிவியில் வரும். காசு வாங்கிக்கொண்டு நேற்று இருந்த படத்தை இன்று தூக்கிவிடுகிற கம்பெனிகளோடு பட்டது போதும். வீடுதான் வாடகை. படமாவது சொந்தமாக இருக்கட்டும்.

நவம்பர் 10

நாள் முழுக்க அதே வேலை. வைஃபை ஓனருடையது. பெட்டி மாடிப்படித் திருப்பத்தில் இருக்கிறது, மேலே அவர்கள், கீழே நாங்கள், ஒரே கனெக்‌ஷன். அதனால் யாரும் உள்ளே வராதபடி நீளமான பாஸ்வேர்ட் போட்டேன். வீட்டு டிவி தானாகவே சர்வரைக் கண்டுபிடிக்கட்டுமா என்று சர்வர் கேட்டது. ஆமாம் என்றேன். டாடிக்கு ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் அடிக்க வராது. சர்வருக்கு ‘ஜேக்கப் ஹோம்’ என்று டாடி பேரையே வைத்தேன். அவர் போனில் எடுக்கிற வீடியோவும் இனி தானாக அதில் வந்து விழும்.

மனிதர் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

இன்றைக்குக் கோழி. ஜன்னல்களைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, எலும்பை பேப்பரில் சுற்றி ஸ்கூட்டியில் ரிங் ரோடு வரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். கொலை செய்தவன்கூட இவ்வளவு கவனமாக இருக்க மாட்டான்.

அக்ரிமென்டில் அந்த வரி இருக்கிறது: அசைவம் சமைக்கக் கூடாது. விஜயநகரில் எத்தனை வீடு ஏறி இறங்கினோம். பேரைச் சொன்னதும் முகம் மாறும். மம்மியின் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கொடுத்தது கேசவமூர்த்தி ஒருவர்தான். மம்மிக்கு முட்டி தேய்ந்துவிட்டது, பஸ் படி ஏற முடியாது. இந்த வீடு போனால் வேலையும் போகும். அதனால்தான் இந்தச் சாம்பிராணி.

ஜனவரியில் அக்ரிமென்ட் புதுப்பிக்க வேண்டும்.

நவம்பர் 18

காலையில் ஓனர் கேட்டில் நின்று பால் வாங்கிக்கொண்டிருந்தார். “என்னம்மா கேரல், நேத்து மிளகு தூக்கலா விழுந்துடுத்தோ?” என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை.

வாசனை மாடிக்குப் போயிருக்கலாம். சரி. ஆனால் மிளகு தூக்கல் என்று மூக்குக்கு எப்படித் தெரியும்? நேற்று மிளகுப் பொடி டப்பா மம்மி கையிலிருந்து நழுவிக் கொட்டியது நிஜம். அதைப் பார்த்தது நாங்கள் மூன்று பேர்தான். டாடி விழுந்து விழுந்து சிரித்தார்.

நவம்பர் 26

டாடியிடம் ஓனர் சொன்னாராம்: “ஜேக்கப், உங்காத்துல முட்டிக்கு அந்தப் பச்சைத் தைலம் வேண்டாம்னு சொல்லுங்கோ. சூடு.” டாடிக்கு ஒரே சந்தோஷம். “பாரு, எவ்ளோ அக்கறையா கேட்டாரு.”

ஐயோ டாடி, மம்மி தைலம் தேய்க்கிறது பெட்ரூமில். கதவைச் சாத்திக்கொண்டு.

ஸ்டூல் போட்டு ஏறி பரண், ஃபேன், டியூப்லைட் பட்டி எல்லாம் பார்த்தேன். கேமரா எதுவும் இல்லை. கேட்டில் அவர் மாட்டிய கேமரா தெருவைத்தான் பார்க்கிறது. அப்படியென்றால் ஆள். யார்?

டிசம்பர் 1, ஞாயிறு

பன்றி. மம்மியின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். மாமா வறுத்தார், டாடி பக்கத்தில் நின்று போனும் கையுமாகச் சுற்றினார்.

டிசம்பர் 3

ஓனர் டாடியை மேலே கூப்பிட்டார். டாடி திரும்பி வந்து செருப்போடேயே உட்கார்ந்திருந்தார். ஓனர் சொன்னாராம்:

“பன்னி வரைக்கும் போயாச்சா ஜேக்கப்? ஜனவரிக்கு வேற இடம் பாத்துக்கோங்கோ.”

யார் சொன்னது என்று கேட்டீர்களா டாடி? கேட்டாராம். “தெரிய வந்தது” — அவ்வளவுதான் பதில்.

தெரிய வந்ததாம். சட்டி எங்களுடையது, அடுப்பு எங்களுடையது, வயிறு எங்களுடையது. இவருக்கு என்ன தெரிய வரவேண்டும்?

டிசம்பர் 4

மல்லம்மாக்காதான். வேறு யார்? மேலேயும் பாத்திரம் தேய்க்கிறாள், கீழேயும் தேய்க்கிறாள். சட்டியைக் கழுவுகிறவளுக்குத் தெரியாதா அதில் என்ன வெந்தது என்று. தமிழ்நாட்டு எல்லையில் ஹனூர்ப் பக்கத்து ஆள், மேலே கன்னடம், இங்கே தமிழ், இரண்டு பக்கமும் பேசுவாள்.

கேட்டேன். நேராகவே கேட்டேன். “மேல போய் எங்க வீட்டுக் கதைய சொல்றது நீங்கதானே?”

கையில் இருந்த தேய்ப்பானைக் கீழே வைத்தாள். “நானுங்களா? ஞாயித்துக்கெழம மம்மி குடுக்கற கறிய வாங்கித் திங்கறதும் நானுங்களே அம்மிணி. அது மேல தெரிஞ்சா என்னைய அந்தப் படி ஏற வுடுவாங்களா?”

“அப்போ வேற யாரு சொன்னது?”

“எனக்கென்னங்க தெரியும்.” கையைக் கழுவிக்கொண்டாள். பாதிப் பாத்திரம் அப்படியே கிடந்தது. போய்விட்டாள்.

குற்றம் இல்லாதவள் ஏன் போகவேண்டும்?

டிசம்பர் 5

வரவில்லை. மேலே மட்டும் வந்து போனாள். எங்கள் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

மம்மி ராத்திரி டூட்டி முடிந்து வந்து சிங்க்கைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அவரே தேய்க்க ஆரம்பித்தார். நான் தேய்க்கிறேன் என்றாலும் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: “வார்டுல பேஷன்ட் செயின் காணோம்னா முதல்ல எங்க பையைத்தான் திறப்பாங்க. டாக்டர் பையை யாரும் திறந்து நான் பாத்ததில்ல.”

டிசம்பர் 14

வீடு பார்க்கிறோம். புரோக்கர் விஜய்குமார் போனில், “மேடம், பேரு மட்டும் ஓனர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க சொல்லாதீங்க” என்றான். எப்படியும் சொல்லித்தானே ஆகவேண்டும் என்றேன். “அட்வான்ஸ் குடுத்தப்புறம் சொல்லலாமே.” நல்லவன்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

கிடைத்த ஒரே வீடு ஊருக்கு அந்தப் பக்கம். இரண்டு பஸ். மம்மி, “வி.ஆர்.எஸ். குடுத்துடறேன், விடு” என்கிறார். சோறு போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 15

மூட்டை கட்ட ஆரம்பித்தாயிற்று. முதலில் சர்வரை அணைத்து ஒயரைச் சுருட்டி வைத்தேன்.

டிசம்பர் 17

 

சாயங்காலம் ஓனர் மனைவி லக்ஷ்மம்மா மாடியிலிருந்து எட்டிக் கூப்பிட்டார். “கேரல், உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமே, ஸ்வல்ப வந்து பாரேன். எங்காத்து டிவில படம் ஒண்ணும் வரலை. முந்தாநேத்து மத்தியானத்துலேர்ந்து பாதிப் படத்துல நிக்கறேன்.”

போனேன். தீபாவளிக்கு மகன் ஸ்ரீஹர்ஷா வாங்கி அனுப்பிய பெரிய டிவி. திரையில் எழுதியிருந்தது: ஜேக்கப் ஹோம், இணைக்க முடியவில்லை.

புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வீட்டு டிவி என்று நான் நினைத்தது எங்கள் டிவியை. சர்வருக்கு வீடு என்றால் வைஃபை. அது எட்டுகிற இடத்தில் இருக்கிற டிவியெல்லாம் வீட்டு டிவி. பாஸ்வேர்ட் கேட்காமல் திறந்துவிட்டிருக்கிறது. திறக்கச் சொன்னது நான்.

“கீழாத்துக்காரா நமக்கும் சேத்துப் போட்டிருக்கான்னு இவர்தான் சொன்னார். நல்ல மனசு உங்களுக்கு” என்றார் லக்ஷ்மம்மா. “நடுநடுவுல உங்காத்து வீடியோவும் வரும். அதெல்லாம் நான் பாக்க மாட்டேன்மா. இவர்தான் உக்காந்து பாப்பார்.”

கேசவமூர்த்தி சோபாவில் இருந்தார். பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார்.

அன்றைக்குக் கொட்டிய மிளகு. தைலம். மாமா வறுத்த பன்றி. எல்லாம் டாடி எடுத்தது, எல்லாம் நான் அனுப்பியது. உளவு பார்க்கிற ஆளைத் தேடிப் பரணில் ஏறினேனே. சே.

சரி செய்யாமல் இறங்கி வந்துவிட்டேன்.

டிசம்பர் 18

ஓனரே கீழே வந்தார். இரண்டு வருஷத்தில் எங்கள் வாசல் வரை வந்தது இதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை.

“நான் வேணும்னு போய்ப் பாக்கலைம்மா. நீங்க திறந்து வெச்சிருந்தது, வந்தது.”

“திறந்து வெச்சது என் தப்பு அங்கிள். மம்மி தைலம் தேய்க்கிறப்ப மாத்திட்டு வேற படத்துக்குப் போயிருக்கலாமே. ஸ்ரீஹர்ஷாவுக்கு நான் போன் பண்ணிச் சொல்லட்டுமா?”

டாடி பின்னாலிருந்து, “கேரல், மெதுவா, மெதுவா” என்றார்.

ஓனர் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். “மேல அவ பாத்துண்டிருந்த படத்தை மறுபடி குடுத்துடு. ஜனவரிக்கு நீங்க எங்கயும் போக வேண்டாம்.”

“அந்த அசைவ வரியை அடிச்சிடுங்க.”

“அது இருக்கட்டும்மா. நாளைக்கு எங்க பங்காளி யாராவது பாத்தா நான் பதில் சொல்லணும்.” தொண்டையைச் செருமினார். “ஞாயித்துக்கிழமை நாங்க ஜன்னலைச் சாத்திக்கறோம்.”

சரி என்று சொன்னது மம்மி. நான் இல்லை.

சர்வரை மறுபடி மாட்டினேன். டாடி வீடியோக்கள் தனியாக, பூட்டோடு. மேலே போவது படம் மட்டும். பொய்யான வரிக்குக் கீழே டாடி கையெழுத்துப் போடுவார், மம்மி வேலைக்கு நடந்து போவார். இதை ஜெயித்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

டிசம்பர் 29

பாத்திரம் நான்தான் தேய்க்கிறேன். மல்லம்மாக்கா மேலே வந்து போகிற நேரத்தில் தினமும் பாத்ரூமுக்குள் போய்விடுகிறேன். வெட்கங்கெட்ட வேலை.

ஜனவரி 6

இன்று பாத்ரூமுக்குள் போகவில்லை. கேட்டில் நின்றேன். மல்லம்மாக்கா மேலிருந்து இறங்கி வந்தார்.

“அக்கா, மறுபடி வாங்க.”

“அந்த நேரத்துக்கு வேற வூடு புடிச்சுட்டனுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிற மாதிரி சொன்னார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், டிவி, வைஃபை, எல்லாம், வேகமாக. பாதிக்கு மேல் கேட்டாரா தெரியவில்லை. கடைசியில், “நீங்க சொல்லலைன்னு தெரிஞ்சிடுச்சுக்கா” என்றேன்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்களே அம்மிணி” என்றார்.

கேட்டைத் திறந்துவிட்டேன். போனார்.