பாடியவர்: க. சுதர்ஷினி

பொகவந்தலாவை
தேர் முடிஞ்ச மறுநாள்

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் சுகம், விடாத மழையில என் முழங்கால் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்குது. அந்தக் கட்டார் நாட்டு வெயில்ல நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும்னு மாரியம்மாளைக் கும்பிட்டுட்டுத்தான் பேனாவை எடுத்தேன். ஆமா, மாப்பிள்ளைன்னுதான் எழுதியிருக்கேன். ஜெரோமி சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ளையா இருந்தா எனக்கென்ன, என் மகளை நல்லா வச்சிருக்கு, அது போதும். போன்ல சொன்னா நீ அழுவே, நான் கத்துவேன், அதான் எழுதுறேன்.

நீ வாட்சப்ல பாடி அனுப்பின அம்மன் பாட்டைத் திருவிழாவுல போடச் சொல்லி அப்பாகிட்ட குடுத்தேன்ல. கோயில் பாட்டெல்லாம் இப்ப ஒரு லேப்டாப்புலதான் இருக்கு, அதுவும் மைக்செட்டும் அவர் பொறுப்பு. நீ கல்யாணம் பண்ணிப் போனதுலேர்ந்து உன் பேரையே எடுக்காத மனுசன், இது மத்தப் பாட்டோட சேராது, கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குதுன்னாரு. கோயில் தலைவர் பொன்னையா பக்கத்துல நின்னு, எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க அக்கா, மெசின்தானே வேணாங்குதுன்னு நல்ல புள்ளையாட்டம் சொன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! மெசினுக்குப் புடிச்ச மாதிரி மாத்திக் கொண்டாறேன், அப்ப என்ன சொல்றீங்கன்னு பாக்குறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நம்ம தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல, தாய்மாரு வேலைக்குப் போகையில விட்டுட்டுப் போற பிஞ்சுகளுக்குப் பாட்டுப் போடுற கம்ப்யூட்டர் இருக்குல்ல, அதுலதான் உக்காந்தேன். உன் பாட்டுப் பேருக்குப் பின்னால ஓபஸ்னு இருந்துச்சு, மத்ததுல எல்லாம் எம்பி3. இம்புட்டுத்தானான்னு ஓபஸை அழிச்சுட்டு எம்பி3ன்னு அடிச்சேன். பாடுனாத்தானே! பஜார்ல போன், கம்ப்யூட்டர் வேலைக்குக் கம்யூனிகேசன் கடை வச்சிருக்கற ஜீவராணிகிட்டப் போனேன். பேரை மாத்தினா உள்ள இருக்கறது மாறாதாம், சிரிச்சா. மாத்துறதுக்குன்னே ஒரு புரோகிராம் இருக்காம். வழியை மட்டும் சொல்லு, நானே பண்றேன்னேன். பாட்டை உள்ள போட்டு, எம்பி3யைத் தெரிஞ்செடுத்து அமுக்கினதும், பச்சைக் கோடு ஓடி முடிஞ்சிருச்சு. தொடக்கத்துல நீ தொண்டையைச் செருமுறதை வெட்டிரவான்னு கேட்டா. கையை வையாதே, அது என் புள்ள தொண்டைன்னுட்டேன். இப்பப் பாட்டு வரிசையில ஏறிருச்சு, ஆனா பாடியவர் தெரியாதுன்னு இங்கிலீசுல காட்டுச்சு. தெரியாதா? நான் பெத்த புள்ளையை யாருன்னு தெரியாதா? ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிச்சேன், க. சுதர்ஷினின்னு, உங்கப்பா பேரு முதலெழுத்தோட சேர்த்தே.

தேர் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் பாக்கப் பாட்டு இருந்த பென்டிரைவை அப்பாகிட்டக் குடுத்தேன். லேப்டாப் முணுமுணுக்காம எடுத்துக்கிருச்சு. அப்பத்தான் பொன்னையா, வேதத்துக்குப் போன புள்ள குரல் கோயில்ல கேக்கக் கூடாதுங்கன்னு வாயைத் திறந்தாரு. ஓ, இப்பத்தான் மெசின் பேசுதான்னு கேட்டேன். கூட்டத்துல பொம்பளைங்க சிரிச்சுட்டாங்க. உங்கப்பா மட்டும் திரையில உன் பேரையே பாத்துக்கிட்டு நின்னாரு. நிறுத்துவாரு, பெட்டியை மூடுவாருன்னுதான் நான் சண்டைக்குச் சேலையைச் சொருகிக்கிட்டு நின்னேன். போட்டுட்டாரும்மா. உன் செருமல் மலைக்குக் கீழ பணிய லயத்து வீடுங்க வரைக்கும் கேட்டுச்சு. பொன்னையா அணைக்கச் சொன்னதுக்கு, அம்மன் பாட்டைப் பாதியில நிறுத்தப்படாது, முடியட்டும்னாரு. அவ்வளவுதான் பேசினாரு. லேப்டாப்போட வீட்டுக்கு வந்து சோத்தைத் தின்னுட்டுப் படுத்துட்டாரு. மனசு மாறிட்டாருன்னு நான் எழுத மாட்டேன், இல்லாததை எழுதி உன்னை ஏமாத்த எனக்கு இஷ்டமில்லை. காலையில அவர் வெளிய போனதும் லேப்டாப்பைத் திறந்து பாத்தேன். அழிக்கலை. பேரும் அப்படியே இருக்கு.

இதுக்காக மன்னிச்சிருங்கப்பான்னு ஒண்ணும் எழுதிக்கிட்டு இருக்காதே, நீ ஒரு தப்பும் பண்ணலை. மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலைன்னா சுடுதண்ணி குடுத்து அனுப்பு. ரெண்டு பேரும் குறைவில்லாம வாழணும், மாரியம்மா பாத்துக்குவா. ஒண்ணு மட்டும் மறந்துராதே. வர்ற வருசம் பாட்டை அனுப்பாதே, மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நீயே வா. மைக்கை உன் கையில நான் குடுக்குறேன், எந்த மெசின் மாட்டேங்குதுன்னு பாத்துருவோம்.

உன்னைப் பெத்தவ,
நாகலெட்சுமி